கந்தனக்காய்க்குள் ஆற்றுமணல்

சீவலப்பேரிச் சுடலைமாடனுக்கு நேர்ச்சை கழிக்க வருகிற குடும்பங்கள் ஆற்றங்கரைப் பக்கமே அடுப்புக் கூட்டிவிடும். கிடா நேர்ந்தவர்களுக்குக் கிடா. முடியாதவர்களுக்கு ஒரு சேவல். சேவலை அறுத்து, வாட்டி, துண்டு போடுகிற வேலையை யார் வேண்டுமானாலும் செய்யலாம். கந்தனக்காயைச் சுத்தம் பண்ணும்போது மட்டும் வீட்டின் மூத்த பெண் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்காமல் விடமாட்டாள். "ஏட்டி, மஞ்சத் தோல உரிக்காமப் போட்டுராத. கல்லு ஒண்ணு கிடந்தாலும் மாமாவுக்குப் பல்லு போயிரும்."

அவள் உரிக்கச் சொல்கிற அந்த மஞ்சள் தோலும், எடுத்துப் போடச் சொல்கிற அந்தக் கல்லும்தான் இந்த அத்தியாயத்தின் கதை. கந்தனக்காய் என்பது இரண்டு விரல் அகலமுள்ள தட்டையான கருஞ்சிவப்புச் சதை. இரு பக்கமும் வெள்ளி போலப் பளபளக்கும் தசைநார்த் தகடு. விளிம்பை அரிவாள்மனையில் வைத்துக் கீறும்போதே தெரிந்துவிடும், கோழியின் உடம்பில் இவ்வளவு கெட்டியான சதை வேறு இல்லை. பிளந்தால் உள்ளே பாதி அரைபட்ட நெல், புல் துணுக்கு, வண்டின் கறுத்த ஓடு, நடுநடுவே கற்கள். மிளகளவில் சில, குறுணை அளவில் பல. கழுவி உள்ளங்கையில் போட்டுப் பார்த்தால் பெரும்பாலானவை மங்கிய வெள்ளையில் இருக்கும் வெங்கச்சங்கல். புதிதாக விழுங்கியவற்றுக்கு முனை இருக்கும். பழையவை உருண்டு மழுங்கியிருக்கும்.

வெங்கச்சங்கல் என்று நாம் சொல்வதைப் புவியியலாளர்கள் குவார்ட்ஸ் என்பார்கள். பொதிகையிலிருந்து இறங்கும் தாமிரபரணியும் குற்றால மலையிலிருந்து வரும் சிற்றாறும் சந்திக்கிற ஊர் சீவலப்பேரி. மலைப்பாறையில் இருந்த மற்ற தாதுக்கள் காலப்போக்கில் சிதைந்து களிமண்ணாகி, வயலுக்கும் கடலுக்கும் போய்விடுகின்றன. அவ்வளவு சுலபத்தில் சிதையாமல் மணலாக நிற்பது குவார்ட்ஸ். தாதுக்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் அதற்கு 7. நம் பல்லின் எனாமலுக்கு ஏறக்குறைய 5.

கோழிக்கு இந்த வித்தியாசம் முக்கியம். கார், பிசானம் என்று இரு பருவமும் இந்தப் பக்கத்து வயலில் விளைவது நெல். நெல்லின் உமி சாதாரணத் தோல் இல்லை. உமியை எரித்தால் மிஞ்சுகிற சாம்பலில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு சிலிக்கா, அதாவது கண்ணாடிக்கு மூலப்பொருள். நெல்லை உமியோடு சேர்த்து ஆயுள் முழுக்க மென்றால் நம் பல் தேய்ந்து ஈறு மட்டும்தான் மிஞ்சும். கோழி அதே சிலிக்காவின் இன்னும் கெட்டியான வடிவத்தை ஆற்றங்கரையில் பொறுக்கி விழுங்கிவிட்டு, அதைக் கொண்டு உமியை உடைக்கிறது. கல் தேய்ந்தால் குடல் வழியே வெளியேறிவிடும். வேறு கல் பொறுக்கிக்கொள்ளலாம். கல் கிடைக்காத இடத்தில் அடைத்துவைத்தால், இருக்கிற கல்லை வெளியே விடாமல் வெகுநாள் பிடித்துவைத்துக்கொள்ளும். பறவைக்குப் பல் இல்லை என்று பாடப்புத்தகம் குறையாகச் சொல்கிறது. எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை. மெல்லும் வேலை வாயிலிருந்து வயிற்றுக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

இடம் மாறியதில் லாபமும் உண்டு. களத்துமேட்டில் கோழி எப்படித் தின்கிறது என்று கவனியுங்கள். கொத்தும், விழுங்கும், மறுபடி கொத்தும். மெல்வதற்கென்று ஒரு நொடிகூடச் செலவழிப்பதில்லை. தலைக்கு மேல் பருந்து வட்டமிடுகிற வெளியில் நின்று ஆற அமர மெல்வது புத்திசாலித்தனமும் இல்லை. விழுங்கிய தானியம் கழுத்தடியில் உள்ள தீனிப்பையில் சேர்கிறது. மாலையில் அடைய வரும் கோழியின் மார்புக்கு மேலே புடைத்துக்கொண்டு தெரிவது இதுதான். இங்கே பெரிய செரிமானம் ஒன்றும் நடப்பதில்லை. தானியம் ஊறி இளகுகிறது. கோயில் கோபுரத்துப் புறாக்கள் மட்டும் இந்தப் பைக்கு இன்னொரு வேலை வைத்திருக்கின்றன. குஞ்சு பொரிக்கும் நேரத்தில் ஆண், பெண் இரண்டுக்குமே தீனிப்பையின் உள்சுவர் தடித்து, பாலாடை போன்ற கொழுப்பும் புரதமும் நிறைந்த ஊட்டமாக உதிரும். அதைக் கக்கித்தான் குஞ்சுக்கு ஊட்டும். தாய்ப்பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் ஹார்மோனை 1930களில் அமெரிக்காவில் ஆஸ்கர் ரிடில் அடையாளம் கண்டு பெயர் வைத்ததும் புறாவின் தீனிப்பையை வைத்து ஆராய்ந்தபோதுதான்.

தீனிப்பைக்கு அடுத்து இரைப்பை இரண்டு அறையாகப் பிரிந்திருக்கிறது. முதல் அறை மெல்லியது. ஹைட்ரோகுளோரிக் அமிலமும், புரதத்தை உடைக்கும் பெப்சினுக்கு முன்வடிவமான பெப்சினோஜெனும் இங்கே சுரக்கின்றன. நம் இரைப்பையில் இந்த இரண்டையும் தனித்தனி உயிரணுக்கள் சுரக்கும். பறவையில் ஒரே வகை உயிரணு இரண்டையும் சுரந்துவிடுகிறது. இரண்டாவது அறைதான் கந்தனக்காய், பாடநூலில் அரைவைப்பை. தடித்த தசை ஒரு ஜோடி, மெல்லிய தசை ஒரு ஜோடி. நிமிடத்துக்கு இரண்டு மூன்று முறை மாறி மாறிச் சுருங்குகின்றன. தடித்த தசைகள் நேருக்கு நேராக இல்லாமல் சற்று விலகி அமைந்திருப்பதால், சுருங்கும்போது உள்ளே இருப்பது நசுங்குவதோடு முறுக்கித் தேய்க்கவும் படுகிறது. பாட்டி வீட்டுத் திருவையில் மேல்கல் சுற்றும்போது உளுந்து உடைவதும் இப்படித்தான். திருவைக்கு இல்லாத ஒரு வசதி இதற்கு உண்டு: அரைபட்டது அமில அறைக்கே திரும்பிப் போய் நனைந்து மறுபடி அரைபட வரும். வெளிவாசல் குறுகல். கோழியின் குடலுக்குள் நழுவிப் போகும் துகள்கள் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் சிறியவை.

இத்தனை அரைத்தாலும் சதை கிழியாமல் காப்பது அந்த மஞ்சள் தோல். கொய்லின் என்று பெயர். சுவரில் உள்ள சுரப்பிகளிலிருந்து திரவமாக வந்து, அமிலம் பட்டு இறுகிப் படலமாகிறது. மேலே தேயத் தேயக் கீழிருந்து புதிதாகச் சுரந்துகொண்டே இருக்கும். குடலிலிருந்து பின்னோக்கி ஏறிவரும் பித்தநீர் அதற்கு நிறம் தருகிறது.

எல்லாக் கல்லும் இந்த வேலைக்கு ஆகாது. தாழையூத்தில் 1949இல் சிமெண்ட் ஆலை வந்ததே நெல்லைச் சீமையின் சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான். அந்தச் சுண்ணாம்புக்கல்லைக் கோழி விழுங்கினால் அது அரைக்காது, அமிலத்தில் கரைந்துபோகும். ஆனால் அதுவும் வீணில்லை. ஒரு முட்டை ஓட்டுக்கு ஏறக்குறைய இரண்டு கிராம் கால்சியம் வேண்டும். முட்டையிடும் பருவத்தில் பெட்டைக்கோழி நத்தை ஓட்டையும் சுண்ணாம்புக் காரையையும் தேடித் தேடிக் கொத்துவது இதற்காகத்தான். ஒரே வயிற்றில் ஒரு கல் கருவியாகவும் இன்னொரு கல் உணவாகவும் இருக்கிறது.

இதெல்லாம் அரைப்பதால் நடக்கிறதா, கரைப்பதால் நடக்கிறதா என்ற சண்டை ஐரோப்பாவில் வெகுகாலம் ஓடியது. செரிமானம் என்பது உணவு அழுகுவதே என்று நம்பியவர்களும் இருந்தார்கள். பிரான்சின் ரெய்மூர் இதைச் சோதிக்கப் பறவைகளைத் தேர்ந்தெடுத்தார். 1752இல் வெளியான அவருடைய கட்டுரையில் வான்கோழியும் வாத்தும் விழுங்கிய உலோகக் குழாய்கள் வருகின்றன. கந்தனக்காய் அவற்றை நசுக்கிச் சப்பையாக்கியிருந்தது. அதே ரெய்மூர் பருந்து ஒன்றையும் வளர்த்தார். செரிக்காத எலும்பையும் மயிரையும் அந்தப் பறவை உருண்டையாக்கிக் கக்கிவிடும் என்பது அவருக்குத் தெரியும். இரு முனையிலும் கம்பி வலை வைத்த குழாய்க்குள் இறைச்சியைப் போட்டு விழுங்கவைத்தார். மறுநாள் பருந்தே குழாயைக் கக்கித் தந்தது. குழாய் நசுங்கவில்லை, உள்ளே இருந்த இறைச்சி பாதி கரைந்திருந்தது, அழுகிய நாற்றமும் இல்லை. பிறகு குழாய்க்குள் பஞ்சுக்கடற்பாசியை வைத்து, அது உறிஞ்சி வந்த சாற்றைப் பிழிந்து எடுத்தார். எந்தப் பறவையின் வயிற்றையும் அறுக்காமல் இரைப்பை நீரைக் கையில் பிடித்த அந்த யோசனையை நான் மிகவும் ரசிக்கிறேன்.

அவருக்குப் பின் வந்த இத்தாலியர் ஸ்பல்லன்சானி இன்னும் முரட்டுத்தனமானவர். ஈய உருண்டையில் ஊசிகளையும், பிறகு கத்திமுனைகளையும் பதித்து வான்கோழிகளுக்கு விழுங்கக் கொடுத்தார். ஊசிகள் ஒடிந்தன, முனைகள் மழுங்கின; கந்தனக்காய்க்கு ஒன்றும் ஆகவில்லை. தானியம் தின்னும் பறவையிலும் இரைப்பை நீர் கரைக்கத்தான் செய்கிறது, ஆனால் தானியத்தை முதலில் உடைத்துக் கொடுக்க வேண்டும் என்று காட்டியவர் அவர். கல் விஷயத்தில் மட்டும் சறுக்கினார். கூழாங்கல் தற்செயலாகத் தீனியோடு உள்ளே போவது, அதனால் பெரிய பயன் இல்லை என்று எழுதினார். பாதி உண்மை. மாவாக அரைத்த தீவனம் தின்கிற கோழி கல்லே இல்லாமல் சுகமாக வாழும். முழுத் தானியமும் உமியும் தின்கிற கோழிக்குக் கல் வேண்டும்.

சரி, பல் எப்போது போயிற்று? ஒரு காலத்தில் இருந்தது. ஆர்க்கியோப்டெரிக்ஸுக்குப் பல் உண்டு. அமெரிக்காவில் 1870களில் மார்ஷ் விவரித்த ஹெஸ்பரோர்னிஸ், இக்தியோர்னிஸ் ஆகிய பண்டைக் கடல் பறவைகளுக்கும் உண்டு. 2014இல் 48 பறவை இனங்களின் மரபணுத் தொகுப்புகளை ஆராய்ந்தவர்கள், எனாமலையும் பல்லின் உள்பகுதியையும் உண்டாக்கும் மரபணுக்கள் எல்லாப் பறவையிலும் இன்னும் கிடக்கின்றன, ஆனால் எழுத்துப்பிழை விழுந்து செயலிழந்து கிடக்கின்றன என்று கண்டார்கள். சில பிழைகள் எல்லா இனத்திலும் ஒரே மாதிரி இருப்பதால், இன்றைய பறவைகளின் பொது மூதாதைக்கே பல் போய்விட்டது; ஏறக்குறைய 11.6 கோடி ஆண்டுகளுக்கு முன் என்பது அவர்கள் கணக்கு. பல்லுக்கான கட்டளை முழுக்க அழிந்துவிடவும் இல்லை. டால்பிட் என்ற மரபுக் குறைபாட்டோடு முட்டைக்குள் வளரும் கோழிக் கருவின் தாடையில் முதலைப் பல்லின் அரும்பு போன்ற முளைகள் தோன்றுவதை 2006இல் கண்டறிந்தார்கள்.

ஏன் போயிற்று என்பதற்கு வழக்கமாகச் சொல்லும் காரணம், பறக்க எடை குறைய வேண்டும் என்பது. எனக்கு இது முழுத் திருப்தி தரவில்லை. இக்தியோர்னிஸ் பல்லோடு நன்றாகத்தான் பறந்தது. வயிற்றில் கல் சுமக்கிற பறவை பல்லின் எடைக்கு அழுகிறது என்பதும் பொருந்திவரவில்லை. 2018இல் யாங், சாண்டர் என்ற இரு ஆய்வாளர்கள் முன்வைத்த விளக்கம் கூடுதலாகப் பிடிக்கிறது. முட்டைக்குள் பல் வளர நாளாகும். பல்லோடு பொரிந்த டைனோசர்களின் முட்டைகள், கருவின் பல்லில் உள்ள வளர்ச்சிக் கோடுகளை எண்ணிப் பார்த்ததில், மூன்று முதல் ஆறு மாதம்வரை அடையிலேயே இருந்திருக்கின்றன. கோழிக்கு 21 நாள். திறந்த கூட்டில் கிடக்கிற முட்டைக்கு ஒவ்வொரு நாளும் ஆபத்து. பல்லை விட்டால் சீக்கிரம் பொரிக்கலாம். கல் விழுங்கும் பழக்கமோ பல் போவதற்கு முன்பே இருந்தது. இறகு முளைத்த சில டைனோசர்களின் புதைபடிவங்களில் வயிற்றுப் பகுதியில் கற்குவியல் கிடைத்திருக்கிறது. பறவைக்கு நெருங்கிய உறவான முதலை இன்றும் பல்லை வைத்துக்கொண்டே கல்லையும் விழுங்குகிறது. மாற்று ஏற்பாடு தயாராக இருந்த குடும்பத்தில்தான் பல் போயிருக்கிறது.

தசை என்பதால் கந்தனக்காய் வேலைக்குத் தக்கபடி வளரும், சுருங்கும். கறிக்கடையில் பிராய்லர் கந்தனக்காயையும் நாட்டுக்கோழியுடையதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிராய்லருடையது சிறுத்து, சுவர் தளர்ந்து, உள்ளே கல் இல்லாமல் மாவுத் தீவனத்தோடு இருக்கும். அது சாதியின் குறை மட்டும் இல்லை. அதே பிராய்லருக்கு உமியோ முழுத் தானியமோ சேர்த்துக் கொடுத்தால் கந்தனக்காய் பெருக்கத் தொடங்கிவிடும்.

இதன் மறுகோடியில் இருப்பது பட்டைவால் மூக்கன். குளிர்காலத்தில் மன்னார் வளைகுடாக் கரைக்கும் வரும் இந்தக் கரைப்பறவையின் ஓர் இனக்குழு, அலாஸ்காவிலிருந்து நியூசிலாந்துவரை 11,000 கிலோமீட்டருக்கு மேல் எங்கும் இறங்காமல் எட்டு நாளுக்கு மேல் பறப்பது 2007இல் செயற்கைக்கோள் கருவியால் உறுதியானது. புறப்படும் நேரத்தில் ரேடார் கூண்டில் மோதிச் செத்த பறவைகளை அறுத்துப் பார்த்த பியர்ஸ்மாவும் கில்லும், உடல் எடையில் பாதிக்கு மேல் கொழுப்பு, கந்தனக்காயும் குடலும் ஈரலும் மிகச் சிறுத்துக் கிடந்தன என்று 1998இல் எழுதினார்கள். வழியில் சாப்பாடு கிடையாது. அரைக்க வேலை இல்லாத தசையைச் சுமந்துகொண்டு கடல் தாண்டுவானேன்?

நாங்குநேரி வட்டத்துக் கூந்தங்குளத்துக்கு இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்து இன்னொரு வழி வைத்திருக்கிறது. அதற்குப் புல்தான் தீனி. புல்லைக் கரைக்கும் நுண்ணுயிர்களைப் பெரிய வயிற்றில் வளர்த்து அசைபோடுவது மாட்டின் வழி. பறக்கிற உடம்புக்கு அது சரிப்படாது. இந்த வாத்தினம் புல்லைக் கல்லோடு சேர்த்து அரைத்து, உயிரணுச் சுவரை உடைத்து, உள்ளே இருக்கும் சாற்றை மட்டும் எடுத்துக்கொண்டு நாரைச் சீக்கிரமே வெளியே தள்ளிவிடும். அதனால் நாள் முழுக்க மேய வேண்டும், நாள் முழுக்க எச்சமிட வேண்டும். வளர்ப்புக் கூஸ் வாத்துகளின் கந்தனக்காய்க்குள் அழுத்தத்தை அளந்தபோது பாதரச அளவில் 250 மில்லிமீட்டரைத் தாண்டியது. நம் ரத்த அழுத்தத்தின் மேல் எண் 120 என்பதோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

மீன் தின்னிகளுக்கு இந்த அரைவை எல்லாம் தேவையில்லை. அம்பாசமுத்திரத்துக்கு அருகே திருப்புடைமருதூரில், 2005இல் அறிவிக்கப்பட்ட பறவைகள் காப்பகத்தில், மரங்களில் கூடு கட்டும் மஞ்சள் மூக்கு நாரைகள் மீனை முழுசாக விழுங்குகின்றன. எப்போதும் தலை முதலில். அப்போதுதான் செதிலும் துடுப்பு முள்ளும் தொண்டையில் எதிர்த்து நிற்காது. பிறகு எல்லாம் அமிலத்தின் பொறுப்பு. முள் குடலுக்குள் போய்விடக் கூடாதே என்ற கவலைக்குப் பாம்புத்தாராவின் உடம்பு செய்திருக்கும் ஏற்பாடு வினோதமானது. இரைப்பையின் கடைவாசலில் மயிர் போன்ற இழைகள் அடர்ந்து வளர்ந்து வடிகட்டியாக நிற்கின்றன. நம் குளங்களில் ஆள் அரவம் கேட்டதும் மூழ்கிவிடும் முக்குளிப்பானுக்கு அப்படி ஒன்றும் முளைக்கவில்லை. அதன் குடும்பத்துப் பறவைகள் தங்கள் இறகையே கொத்தித் தின்று, வயிற்றில் இறகு அடைப்பு ஒன்றை உண்டாக்கிக்கொள்கின்றன. குஞ்சுகளுக்கும் இறகை ஊட்டுகின்றன. முள் கரையும்வரை அந்த அடைப்பு பிடித்துவைக்கிறது, மிச்சத்தை உருண்டையாகக் கக்கவும் உதவுகிறது என்பதே பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்லும் காரணம்.

கக்குவதில் பேர்போனது கூகை. நெல்வயலில் நட்ட பறவைத் தாங்கியில் இரவில் வந்து உட்காரும் கூகை எலியை முழுசாக விழுங்கும். ஆந்தை இனத்துக்குத் தீனிப்பை கிடையாது, நேரே இரைப்பைதான். பகலில் வேட்டையாடும் பருந்தினங்களைவிட ஆந்தையின் இரைப்பை நீரில் அமிலம் குறைவு. பருந்து எலும்பில் பெரும்பகுதியைக் கரைத்துவிடும். ஆந்தை சதையை மட்டும் கரைத்துவிட்டு, எலும்பை மயிருக்குள் பொதிந்து, சில மணி நேரத்தில் கருஞ்சாம்பல் உருண்டையாகத் துப்பிவிடும். கந்தனக்காய் இங்கே எதையும் அரைப்பதில்லை. கரைந்ததையும் கரையாததையும் பிரித்துத் திரட்டுகிறது.

பறவைகள் விவசாயிக்கு நண்பனா பகையா என்று அறிய, பிகாரின் பூசா ஆராய்ச்சி நிலையத்தில் மேசன் ஏராளமான பறவைகளின் இரைப்பையை அறுத்துப் பார்த்தார். இந்தியப் பறவைகளின் உணவு பற்றிய அவர் அறிக்கை 1912இல் வந்தது. காவிரிப் படுகையில் மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரி விலங்கியலாளர்கள் கூகையை ஆராய்ந்தபோது அறுக்கவேண்டி இருக்கவில்லை. கூகை அடையும் இடத்துக்குக் கீழே கிடக்கும் உருண்டைகளைப் பொறுக்கி, நீரில் ஊறவைத்து, பிரித்துப் பார்த்தால் போதும். உள்ளே மண்டையோடு, விலா எலும்பு, தாடை எல்லாம் உடையாமல் இருக்கும். தின்றது வயலெலியா, பெருச்சாளி இனமா, மூஞ்சூறா என்று அந்தத் தாடையில் உள்ள பல்லை எண்ணியும் அதன் வடிவத்தைப் பார்த்தும்தான் பெயர் வைக்கிறார்கள்.